தமஸ்குத் துணி

அடுத்த வீட்டு மொயிரா வெள்ளைத் துணி விரித்துத்தான் விருந்து வைப்பார். அயர்லாந்திலிருந்து வந்து கனடாவில் இந்த ரூஜ் பகுதியில் தனியே இருப்பவர். நாங்கள் இங்கே வந்த முதல் கிறிஸ்மஸுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். அம்மா குழம்புக் கோப்பையை அந்த மேசையில் வைக்கத் துணியாமல் கையிலேயே வைத்திருந்தார். "செத்தவீடு மாதிரிக் கிடக்கு பிள்ளை," என்றார் என் காதுக்குள். எங்கள் மன்னாரில், சவப்பெட்டிக்கு மேலே வெள்ளைத் துணி கட்டுவோம், சாப்பாட்டுக்கு வாழையிலை.

நான் மார்க்கம் நகரில் துணிப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்கிறேன். அது டமாஸ்க் என்று பார்த்தவுடனே தெரிந்தது. சிரியாவின் தமஸ்கு நகரத்தால் வந்த பெயர். முதலில் பட்டு, பிறகு ஐரோப்பாவில் ஆளிச்செடி நாரில், லினனாக நெய்தார்கள். பூவும் வெள்ளை, பின்புலமும் வெள்ளை. நெடுக்கிழையான பாவு மேலே வரும் இடமும் குறுக்கிழையான ஊடை மேலே வரும் இடமும் வெளிச்சத்தை வேறு வேறாகத் திருப்புவதால், சாய்ந்த ஒளியில்தான் பூ தெரியும். விருந்து மேசைக்கும் பலிபீடத்துக்கும் விரிப்பார்கள். மொயிராவிடம் இருந்தது அவருடைய அம்மாவின் கல்யாண மேசைக்கு விரித்தது.

இந்த மாசியில் அப்பா இறந்தார். நான் பட்டியல் போட்டேன்: பூசை, பெட்டி, சேமக்காலையில் குழி, வெள்ளைத் துணி. நான் அடக்க ஏற்பாடு செய்யும் பியூனரல் ஹோமுடன் தொலைபேசியில் இருந்தபோது மொயிரா வாசலில் அம்மாவிடம் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். அடக்கத்துக்குப் பிறகு வருபவர்களுக்குச் சாப்பாடு வைக்க, மேசைக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னாராம்; எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. அம்மாவின் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள்: டமாஸ்க், பியூனரல்.

"தமஸ்குத் துணியாம் பிள்ளை. பைபிளிலை பவுல் விழுந்து மனந்திரும்பின ஊர். அந்த மனுசிக்கு எங்கட முறை தெரிஞ்சிருக்கு."

நான் "வெள்ளைத் துணி" என்பதற்குச் சரி போட்டேன். பெட்டிக்கு மேலே கட்ட பியூனரல் ஹோமில் விடவில்லை. அம்மா அதைப் பெட்டிக்குள் அப்பாவுக்குக் கீழே விரித்தார். நானும் பார்த்தேன். நேர் மேலிருந்து விழுந்த விளக்கொளியில் பூ ஒன்றும் தெரியவில்லை.

சித்திரையில் மொயிரா வேலியோரம் நின்று கேட்டார், மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம், துணி வேண்டும் என்று. நான் மறுபடி பட்டியல் போட்டேன், அவரிடம் என்ன சொல்லலாமென்று. கறை பட்டுவிட்டது. தொலைந்துவிட்டது. வேறொன்று வாங்கித் தரலாம்.

"தோண்டி எடுக்கவோ ஏலும்?" என்றார் அம்மா. "உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். மொயிரா பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அவருக்கு மேலேயா, கீழேயா?" என்று கேட்டார்.

"கீழே."

"மூலையில் என் அம்மாவின் பெயரெழுத்து இருந்தது. கனடாவுக்கு வா வா என்று எத்தனை தரம் கூப்பிட்டேன். வரவே மாட்டேன் என்றார். இப்போது பெயர் மட்டும் வந்து, இங்கே மண்ணுக்குள்."

சிரிக்கப் பார்த்தார். முடியாமல் உள்ளே போய்விட்டார்.

ஞானஸ்நான விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டார். மேசையில் சாதாரணப் பருத்தி விரிப்பு. புதைந்துபோன துணியின் அதே நெசவில் மிஞ்சியிருந்த கைத்துண்டுகளில் ஒன்று அம்மாவின் தட்டருகே. அம்மா அதை விரிக்காமல் மடியில் வைத்திருந்தார். ஜன்னலால் சாய்ந்த வெயில் வந்தபோது, அதில் பூ தெரிந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையை அதில் துடைக்காமல் தன் சேலையில் துடைத்தார்.