மேஜையைத் தட்டும் ஓசை

ஒட்டுப்பலகை மேஜையை விரல் மூட்டால் ஒரு முறை தட்டினால் வரும் ஓசை எனக்கு நன்றாகத் தெரியும். கட்டைக்கும் அட்டைக்கும் இடைப்பட்ட, ஈரம் குடித்த ஓசை. கெலாங் பாத்தா என்ற மலேசிய ஊரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அங்கே அந்த ஓசைதான் எங்கள் இலக்கணப் புத்தகம்.

வருபவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். பேச்சு ஆங்கிலம் அவர்களுக்கு ஓரளவு வரும்; எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும். விதிகளைப் பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்தேன். பணிவோடு பார்த்து எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் பழைய தவறோடு திரும்பி வந்தார்கள். அதனால் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். ஒருவர் தான் எழுதியதை எழுந்து நின்று படிப்பார். கேட்பவர்களுக்கு எந்த இடத்தில் வழி தவறுகிறதோ, எது முன்னால் நடந்தது, யார் செய்தது என்று குழம்புகிறதோ, அங்கே அவர்கள் மேஜையைத் தட்ட வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தட்டு விழுந்த இடத்தை நான் எடுத்து, அங்கே எந்த இலக்கணம் உதவும் என்று காட்டுவேன். வாசகன் தடுக்கி விழாமல் நடப்பதற்குத்தான் இலக்கணம் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். இன்றும் அதையே சொல்கிறேன், குரல்தான் முன்போல் இல்லை.

லைன் லீடர் அக்கா அந்த வகுப்புக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் ஒரு வரிசை மெஷின்களுக்கு அவர் பொறுப்பு. என்னைவிட வயதில் சிறியவர்தான். எல்லோரும் அப்படி அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய பாட்டன் காலம் வரை யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம். அவர்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மேற்பார்வையாளர் ஆகும் இடத்துக்கு அருகில் வந்திருந்தார்.

அவருடைய வரிசையில் ஒரு விபத்து நடந்திருந்தது. பொந்தியானிலிருந்து வேலைக்கு வந்த ஒரு மலாய்க்காரப் பெண், அச்சில் சிக்கிய துண்டை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது மெஷின் மூடிக்கொண்டது. இரண்டு விரல்கள் போயின. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி மேலிடம் அக்காவிடம் கேட்டிருந்தது. அந்த அறிக்கையை வைத்துத்தான் தவறு யாருடையது என்று முடிவு செய்வார்கள். அவருக்கு வர வேண்டிய மேற்பார்வையாளர் பதவியும் அதையே நம்பி நின்றது. "இதத்தான் நான் வகுப்புல எழுதிப் பழகப்போறேன் டீச்சர்" என்றார். உண்மையான தேவை இருக்கும்போதுதான் எழுத்து வளரும் என்று நம்புகிறவள் நான். சம்மதித்தேன்.

முதல் வாரம் அவர் படித்தபோது மேஜைகள் மழை பெய்வதுபோலச் சத்தமிட்டன. அவரே சிரித்துவிட்டார். அடுத்த வாரங்களில் காலங்கள் ஒழுங்குக்கு வந்தன. முன்னால் நடந்தது முன்னாலும் பின்னால் நடந்தது பின்னாலும் போய் உட்கார்ந்தன. தட்டுகள் குறைந்தன. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் விழுந்தன. அந்தப் பெண் கையை உள்ளே விட்டாள், மெஷின் மூடியது. இந்த இரண்டுக்கும் நடுவில்.

எங்கள் வகுப்பின் வாயாடி லோரி ஓட்டும் அண்ணன். அவர் மேஜையைத் தட்டிவிட்டுக் கேட்டார்:

"அலமாக்! மெஷின் தானா மூடிக்கிச்சா? பேய் கீய் புடிச்சிருச்சாக்கா?"

வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்தார். "உங்க லோரி தானா போய் டிவைடர்ல மோதல? அது மாதிரிதான் லா" என்று திருப்பிக் கொடுத்தார். இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்த இடத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இங்க வாசகர் நிக்கிறார், பாருங்க" என்று காட்டினேன். இரண்டு நிகழ்ச்சிகளை ஒரே வாக்கியத்தில் எப்படி இணைப்பது, காரணத்தை எப்படி முன்னால் கொண்டுவருவது, படிப்பவரின் கண் நிற்காமல் எப்படி வழுக்கிக்கொண்டு போகும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவர் மிகக் கவனமாகக் கேட்டார். அவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவர் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

கடைசி ஞாயிறு அவர் படித்தார். பாதுகாப்பு விதியைக் கவனிக்காமல் கையை உள்ளே விட்டதால் அந்தப் பெண்ணுக்குக் காயம் ஏற்பட்டது என்று ஒரே வாக்கியம், தேய்த்துக் கழுவிய தரைபோல. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு தட்டுகூட விழவில்லை. லோரி அண்ணன் கைதட்டினார். "டாக்டர் எழுதுன மாதிரி இருக்குக்கா" என்றார். நான் பெருமையில் நிறைந்துபோயிருந்தேன்.

அவர் மட்டும் உட்காரவில்லை. தாளைப் பிடித்தபடி ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தார்.

"யாருமே தட்டலையா?"

"தட்டறதுக்கு ஒண்ணுமில்ல. அருமையா வந்திருக்கு" என்றேன்.

பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. அன்றைய நாட்குறிப்பில், "இன்று ஒரு தட்டும் இல்லை" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். நாட்குறிப்பில் அடிக்கோடு இடுவது என் வழக்கமல்ல.

சென்ற ஆண்டு சந்தைக்குப் பக்கத்து நாசி லெமாக் சோற்றுக் கடையில் அவரைப் பார்த்தேன். மேற்பார்வையாளர்கள் அணியும் நீலச் சட்டையில் இருந்தார். வாழ்த்தினேன். பொட்டலத்துக்குக் காத்திருந்தவர், கடைப் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பட்டன அமுக்குனது நான்தான் டீச்சர். அவங்க கைய எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு டார்கெட் ஷோர்ட்டு. அவசரம்."

கடைக்காரர் நீட்டிய என் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்:

"ஒவ்வொரு வாரமும் நீங்க எல்லாம் தட்டுன எடத்த வீட்டுல போயி மூடிட்டு வருவேன். மறுவாரமும் அங்கயே தட்டுவீங்க. கடைசி நாளு யாராச்சும் தட்டுனா சொல்லிறலாம்னு இருந்தேன். யாரும் தட்டல. ஆபீஸ்லயும் தட்டல."

"அந்தப் பொண்ணு?"

"கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க. வேலைய விட்டுட்டுப் பொந்தியானுக்கே போயிட்டாங்க. போறப்ப என்கிட்ட வந்து, இங்கிலீஷ்ல நல்லா எழுதிக் குடுத்தியாம், தெரிமா காசின்னு சொல்லிட்டுப் போனாங்க டீச்சர்."

நன்றி சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அக்கா தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார். சன்னலோரம் அமர்ந்தவர் என் பக்கம் திரும்பவில்லை. என் கையிலிருந்த பொட்டலத்தின் சூடு வெகுநேரம் ஆறாமல் இருந்தது.

வகுப்பை நான் நிறுத்தவில்லை. அதே மாடி, ஓரங்கள் உப்பிப்போன அதே மேஜைகள். போன ஞாயிறு ஒரு புதிய மாணவி எழுந்து தன் வேலையிடத்தைப் பற்றிப் படித்தாள். காலங்கள் சரி, இணைப்புகள் சரி, கண் எங்கும் நிற்கவில்லை. ஒருவரும் தட்டவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பாராட்டுவேன் என்று. அந்த அமைதியில் என் கை தானாக எழுந்து மேஜையை ஒரு முறை தட்டியது.

அவள் திடுக்கிட்டுத் தாளைப் பார்த்தாள். "எங்க டீச்சர்? எந்த எடம்?"

"தெரியலம்மா. முதல்ல இருந்து இன்னொரு தடவ படி."