இறங்கியதற்கு ஒரு ரிங்

டவர்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். செல்போன் கோபுரங்களில் ஏறி ஆன்டெனா மாட்டுவது அவர் வேலை. பேச்சு மட்டும் போகிற டூஜி பெட்டியை அந்தப் பக்கத்தில் முதலில் மாட்டியவர் அவர்தான். பிறகு படம் போகிற த்ரீஜி, சினிமாவே ஓடுகிற ஃபோர்ஜி, இப்போது ஃபைவ்ஜி. பெட்டிகள் மாறிக்கொண்டே இருந்தன. அக்காவின் டூஜி போன் மட்டும் மாறவில்லை.

தாயில்லாமல் போன தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. பார்வை மங்கிப்போனவள். பட்டன் போனில் இரண்டாம் எண்ணைத் தடவி அழுத்தினால் தம்பி வந்துவிடுவான். டச் போன் பேச்சை எடுத்தால், "கண்ணாடியைத் தடவிக்கிட்டு உக்காரவா? போடா" என்பாள்.

அவர் முதல் கோபுரம் ஏறிய அன்று அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அதிலிருந்து ஒரு வழக்கம். இறங்கியதும் அவர் ஒரு ரிங் விட்டுக் கட் செய்வார். அது வந்த பிறகுதான் அவள் தட்டை நிமிர்த்துவாள்.

"ரிங் வரலன்னா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஏணியில்லாம இறங்கிட்டேன்னு வெச்சுக்கோ."

"வாயைக் கழுவுடா."

டூஜியை நிறுத்தப் போகிறார்கள் என்றதும், புது நெட்வொர்க் எடுக்கிற பட்டன் போன் ஒன்றைக் கடையில் சொல்லி வைத்தார். அது வருவதற்குள் வேலை வந்துவிட்டது. அதுவும் அக்கா ஊர்க் கோபுரத்தில்.

"இன்னைக்கு உங்க ஊர்லதான்கா ஏறுறேன்."

"அப்ப சாப்பிட வந்துடு."

"பாக்கலாம்."

பழைய டூஜி பெட்டியை அணைத்து, அவிழ்த்து, கயிற்றில் இறக்கினார். கீழே வந்ததும் கை தானாக போனை எடுத்தது. அக்கா எண் கிடைக்கவில்லை. நம்ம கைவேலைதானே என்று சிரித்துக்கொண்டார். அடுத்த கோபுரத்துக்கு வண்டி கிளம்பியது.

"அக்காவை எட்டிப் பாத்துட்டுப் போலாமாண்ணே?" என்றான் டிரைவர்.

"வெறுங்கையோட போனா திட்டுவா. நாளைக்குப் புது போனோட போய்க்கிறேன்."

ரிங் ஏன் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம், கோபுரத்துக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி அக்கா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, கோபுரத்து வாட்ச்மேன் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று அக்கா அங்கே வந்ததைச் சொன்னார்:

"கம்பி வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. 'எனக்குக் கண்ணு சரியாத் தெரியலய்யா, மேல யாராச்சும் தொங்குறாங்களா பாருங்க'ன்னாங்க. தம்பி மத்தியானமே இறங்கிப் போயாச்சும்மான்னேன்."

"என்ன சொன்னா?"

"'நல்லபடியா இறங்கினானா'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஆமான்னதும், 'அப்ப சரி, போய்ச் சாப்பிடுறேன்'னு திரும்பினாங்க."

டவர்காரர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். அன்று அவள் எடுத்து வைத்த தட்டுகள் இரண்டும் கவிழ்த்தபடியே இருந்தன.