அண்ணி கொண்டுவந்த கூழ்

அணுப் பொருள்களைக் காவல் காப்பவர்களுக்கு நாடு முழுவதற்குமான பயிற்சி மையம் காட்டுப்பள்ளிப் பக்கம் வருகிறது என்றதும், எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் முதலில் எழுந்த கேள்வி, "கேன்டீன் கான்ட்ராக்ட் யாருக்குப்பா?" என்பதுதான். பூச்சு வேலைகூட முடியவில்லை. அதற்குள், கதிர்வீச்சு பட்டால் அலறும் நடைவாசல் மட்டும் பளபளவென்று வந்து நின்றுவிட்டது.

கன்டெய்னர் யார்டு கேட்டில் ஒப்பந்தக் காவலாளியாக நின்று லாரிக்காரர்களிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவள் நான். மையத்தின் முதல் அணியில் என்னையும் எடுத்திருந்தார்கள். கடைசி ஒத்திகையில் தேறினால் இங்கேயே பயிற்றுநர் வேலை. கோட்டை விட்டால் மறுபடி அதே யார்டு, அதே புழுதி. எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான்.

ஒத்திகை ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை அமைந்தது. நடைவாசலை அலறவைக்கும், ஆனால் ஆளுக்குத் தீங்கில்லாத ஒரு சின்ன சோதனை வில்லையை யாரோ ஒளித்து எடுத்துவருவார்கள், நாங்கள் பிடிக்க வேண்டும். யார் என்று சொல்லமாட்டார்கள். காலையிலிருந்து பால்காரர், பெயின்டர் என்று ஒருத்தரையும் விடாமல் சலித்தெடுத்தேன். பயிற்சி அதிகாரியின் டிரைவர், "இன்னா மேடம், ஓவரா பண்ற" என்று முறைத்தார். முறைக்கட்டுமே!

அப்புறம் வந்தார் என் அண்ணி, அண்ணன் மனைவி. தலையில் துணிச் சும்மாடு, அதன்மேல் அம்மன் கோயில் கூழ்ப்பானை. ஆடியில் எங்கள் பக்கம் கூழை யாரும் மறிப்பதில்லை, கும்பிட்டு வாங்கிக் குடிப்பார்கள். வெளிக் கேட்டுக்காரர்களும் அதைத்தான் செய்திருந்தார்கள். மீசையிலேயே தெரிந்தது.

பானையை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்து வாசல் வழியே அனுப்பினேன். சத்தமில்லை. என்னோடு நின்றவர்கள் அதற்குள் சொம்போடு வந்துவிட்டார்கள்.

"நீயும் நட அண்ணி."

"இன்னாடி, என்னையுமா? ஆத்தா கூழு எடுத்தாந்தவள சோதிக்கிறியா? உங்கண்ணன் கைல சொல்றேன் இரு! இனிமே வூட்டுப் பக்கம் வந்துடாத!"

ரோடே கேட்கக் கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அண்ணி வீட்டுச் சோறு இல்லாமல் எனக்கு ஒரு நல்ல நாள் உண்டா? ஆனாலும் என் பிடிவாதம் எனக்கு.

"நடன்னா நட!"

சும்மாட்டுத் துணியைக் கையில் இறுக்கிக்கொண்டு நடந்தார். வாசல் அலறிய அலறலில் ஒருத்தர் சொம்பையே போட்டுவிட்டார். வில்லை துணிச் சுருளுக்குள் இருந்தது. பயிற்சி அதிகாரியே குப்பத்துக்குப் போய் அண்ணியிடம் பேசி ஏற்பாடு செய்தாராம். பலே ஆள்! "நீங்க தேறிட்டீங்கம்மா" என்று அவர் சொன்னதும் அழுகையும் சிரிப்புமாக எனக்கு மூக்கு ஒழுகியது.

அண்ணி ஓரமாக உட்கார்ந்து எல்லோருக்கும் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "கோவமா அண்ணி?" என்றேன்.

"போடி. நீ வுட்டுடுவியோன்னு பயந்துகினேதான் கத்துனேன். உள்ள வுட்ருந்தா, அப்பால உன்னாண்ட பேசியே இருக்க மாட்டேன். நம்ம புள்ளைங்க இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான வெளையாடிகினு கீதுங்க."