காலையிலேயே போட்ட டிக்

போன வருடம் மாசி மாதம், கமுதிப் பக்கம் எங்கள் ஊரில் மிளகாய்ப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்த சமயத்தில் நடந்தது இது. இன்றுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் வண்டவாளம் தெரிந்துவிடுமே.

எனக்கு ஒரே மகள், எட்டு வயது. மூளை முடக்குவாதம். தானாக உட்கார முடியாது, பேச்சு கிடையாது, கூடவே வலிப்பும் உண்டு. வலிப்புக்கு மூன்று வேளை மருந்து. வாராவாரம் அவளைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்காக ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுவேன். பயிற்சி தரும் டீச்சர்தான் என் செல்லில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். பிள்ளையின் எடை, வலிப்பு வந்த நேரம், மருந்து கொடுத்த விவரம் எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். மருந்துக்கு வேளைக்கு ஒரு கட்டம். கொடுத்துவிட்டுத் தொட்டால் பச்சையில் டிக் விழும். நான் போட்டால் என் வீட்டுக்காரர் செல்லிலும் தெரியும். ஒருவர் கொடுத்தது தெரியாமல் இன்னொருவரும் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் இல்லை.

ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன். டீச்சர் என் செல்லை வாங்கி மற்ற அம்மாக்களிடம் காட்டி, இவங்களைப் பாருங்க என்பார். எனக்குத் தலைகால் புரியாது. பிள்ளை விஷயத்தில் அதுவரை என்னைப் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டித்தான் இருக்கிறார்கள். யாரும் பாராட்டியதில்லை.

பறிப்பு தொடங்கியதும் சிக்கல் வந்தது. பழம் பறித்த கையில் காரம் ஏறிவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அந்தக் கையால் தொட்டால் செல்லிலும் ஒட்டும். என் மகளோ பாட்டுக் கேட்க செல்லைக் கன்னத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லி முனகுவாள். அப்படி ஒரு நாள் கன்னம் எரிந்து அவள் அழுத அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் மிளகாய்க் காட்டுக்குக் கிளம்பும் முன்பே, சுத்தமான கையோடு, மூன்று வேளைக்கும் சேர்த்து டிக் போட ஆரம்பித்தேன். நான் இல்லாத நேரம் பக்கத்து வீட்டுப் பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்வார், மருந்து மட்டும் நாங்கள்தான் கொடுப்போம். மதியம் எப்படியும் வந்து கொடுக்கத்தானே போகிறோம் என்ற எண்ணம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கொடுக்கவும் செய்தேன். என்ன, சில நாள் மூன்று மணி ஆகும், சில நாள் நான்கு மணி ஆகும். கட்டம் மட்டும் பச்சையாகவே இருக்கும்.

ஒரு நாள் வீட்டுக்காரருக்கு வெளிவேலை இல்லை. அவர் வீட்டில் இருக்கிறாரே, மதிய மருந்தைக் கொடுத்துவிடுவார் என்று நான் காட்டிலேயே இருந்துவிட்டேன். அவர், பிள்ளை தூங்கும் நேரத்தில் தெருக்குழாயில் குடிதண்ணீர் பிடித்துவிட்டு வந்து தன் செல்லைப் பார்த்திருக்கிறார். நான் வழக்கம்போலக் காலையிலேயே போட்ட டிக் இருந்தது. நான் வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வலிப்பு வந்தது. நிற்கவில்லை. வாய் கோணி, உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது.

மறுநாள் காலை ராமநாதபுரத்தில் அவளை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனோம். அவர் என் செல்லை வாங்கிப் பார்த்தார். மாதம் முழுக்கப் பச்சை. "ஒரு வேளைகூட விடாம குடுத்திருக்கீங்க. அப்படியும் வருதுன்னா இந்த அளவு பத்தல. மருந்தக் கூட்டணும்" என்று எழுதத் தொடங்கினார்.

முன்பு ஒருமுறை அளவைக் கூட்டியபோது என் மகள் நாள் முழுக்கத் தூங்கியே கிடந்தாள். அவளுக்கென்று இருக்கிற ஒரே சிரிப்பும் அப்போது போய்விட்டிருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வீட்டுக்காரர், "நேத்து மதியம்கூட இவ காட்டுலருந்து வந்து குடுத்துட்டுத்தான் போயிருக்கா டாக்டர். செல்லுல நானே பாத்தேன்" என்றார்.

முந்தின நாள் மதியம் வீட்டுக்கு நான் வரவில்லை. அப்படியென்றால் அவரும் கொடுக்கவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சத்தியமாக அந்த எண்ணமும் வந்தது. மடியில் கிடந்த மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதாதீங்க டாக்டர். நேத்து மதியம் மருந்தே குடுக்கல. காலையிலயே டிக் போட்டுட்டேன். இந்த மாசம் பூரா இப்படித்தான், நேரந்தப்பித்தான் குடுத்தேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். திட்டவில்லை. "கட்டம் காலியா இருந்தா ஏன்னு கேட்டிருப்பேன்மா. டிக் இருந்தா கேக்க மாட்டோம்" என்று மட்டும் சொன்னார். பழைய அளவையே நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர் பாதி வழியில் பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு, "கை காரமா இருந்தா டிக் போடாம விட்டுரு புள்ள. நான் போன் போட்டுக் கேட்டுக்கிறேன்" என்றார். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் டீச்சர் வழக்கம்போல என் செல்லுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. காரணம் சொல்லவும் அன்றைக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இப்போதெல்லாம் என் செல்லில் அங்கங்கே காலிக் கட்டங்கள் இருக்கின்றன. மருந்து தாமதமானால் தாமதம் என்றே ஏற்றுகிறேன். தனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல வாயில்லாத என் மகளுக்காக நான் பேச வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் ஒரு மாதம் முழுக்க நான் என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.