தொட்டில் பெட்டிக்குள் ஓர் அங்பாவ்

ஸ்கூடாயில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதியை என் ஆன்லைன் கடை எடுத்துக்கொண்டது. குழந்தைச் சாமான்கள் விற்கிறேன். பெரும்பாலும் ஸ்ப்ரிங் தொட்டில். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அதன்பின் நானாக உண்டாக்கிக்கொண்டது இந்தக் கடை ஒன்றுதான்.

எனக்குத் தொட்டில் தரும், பத்து பாகாட் ஊரிலுள்ள நிறுவனம் ஒரு விதி வைத்திருந்தது. அவர்கள் சொன்ன விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. வௌச்சர் கூடாது, தள்ளுபடி கூடாது. மீறினால் சரக்கு கிடையாது. பெரிய கடைகள் விலையை உடைத்து எங்களைப் போன்ற சின்னவர்களை நசுக்கிவிடாமல் இருக்கத்தான் இது என்றார்கள். எனக்குப் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். ஆனாலும் விதியை மீறியதில்லை. விலையைப் பதிவேற்றிவிட்டு, சரியாகப் போட்டேனா என்று திரும்பத் திறந்து பார்ப்பவள் நான்.

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நாம் வெறுங்கையோடு போவதில்லை. குழந்தையின் கையில் ஏதாவது வைத்துவிட்டுத்தான் வருவோம். என் பெட்டி அப்படிப்பட்ட வீட்டுக்குத்தானே போகிறது என்று ஒருநாள் தோன்றியது. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்க வாங்கி மிஞ்சிய அங்பாவ் உறையில் ஐந்து வெள்ளி நோட்டு வைத்து, ‘பாப்பாவுக்கு’ என்று எழுதி உள்ளே போட்டேன். ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த குழந்தைக்குக் கொடுக்காமல் இருக்க மனம் வரவில்லை. எல்லாப் பெட்டியிலும் போடத் தொடங்கினேன்.

ஒரு வாடிக்கையாளர் சந்தோஷத்தில் படத்தோடு விமர்சனம் எழுதிவிட்டார்: எங்கே வாங்கினாலும் ஒரே விலைதான், இங்கே வாங்கினால் ஐந்து வெள்ளி திரும்பக் கிடைக்கும் என்று. வேறு யாரோ ஒரு கடைக்காரர் அதை நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறார். நிறுவனத்தின் விற்பனை அதிகாரி, நம் தமிழர்தான், போனில் அழைத்தார்.

“சிஸ்டர், நீங்க படிச்சவங்க. அஞ்சு வெள்ளி திருப்பிக் குடுத்தா அது டிஸ்கவுன்ட்தானே லா?”

அது குழந்தைக்குக் கொடுத்தது என்றேன். குழந்தையா காசு கட்டித் தொட்டில் வாங்கியது என்று கேட்டார். நான் கேட்டிருந்த சரக்கு நிறுத்தப்பட்டது. சனிக்கிழமை நேரில் வந்து முதலாளியம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

அந்தக் காசை மனதார வைத்தேனா, ஆள் திரும்பி வரட்டும் என்று வைத்தேனா? யோசிக்க யோசிக்க எனக்கே குழம்பியது. கணவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

“கடைய மூடினாலும் நம்ம வீடு ஓடும். ஏன் பயப்படற?”

“வீடு ஓடும். நான் என்ன செய்யறது?”

சனிக்கிழமை காலையில் அவரே காரை எடுத்தார்.

முதலாளியம்மா சீனர், வயதானவர். மேசைக்குப் பக்கத்தில் அந்த அதிகாரி. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பை மலாய் மொழியில் தொடங்கினேன். அதிகாரி குறுக்கிட்டு, இதை விட்டால் நாளைக்கு ஒருவர் ஐம்பது வெள்ளியை உறையில் போட்டு அங்பாவ் என்பார், அப்புறம் விதி எதற்கு என்றார். நியாயமான கேள்வி. நானே தலையாட்டிவிட்டேன்.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு தாய் கொக்கி பொருந்தவில்லை என்று தொட்டிலைத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த உரையாடலைக் கைப்பேசியில் தேடி எடுத்து மேசைமேல் வைத்தேன். அங்பாவையும் திருப்பி அனுப்பவா என்று அவர் கேட்டிருந்தார். அது பாப்பாவுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியிருந்தேன். தொட்டிலின் முழு விலையையும் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

“தள்ளுபடின்னா அதக் கழிச்சுட்டுத்தானே மிச்சத்தக் குடுத்திருப்பேன்?” என்று அதிகாரியிடம் தமிழில் கேட்டேன். அதையே முதலாளியம்மாவுக்கு மலாயில் நிதானமாகச் சொன்னேன்.

அவர் கைப்பேசியைக் கண்ணருகே பிடித்துப் படித்தார். கொடுத்த அங்பாவை யாராவது திருப்பி வாங்குவார்களா, அது குடும்பத்துக்கே ஆகாது என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, இவர் சரக்கு இன்றே ஏறட்டும் என்றார். என் மகள் அவருடைய பேனாவைப் பிடித்து இழுத்தாள். அவர் விட்டுக்கொடுத்தார்.

திங்கட்கிழமை எல்லா ஆன்லைன் கடைக்காரர்களுக்கும் நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. விதியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: பிறந்த குழந்தைக்கு வைக்கும் அங்பாவ் தள்ளுபடி ஆகாது, பத்து வெள்ளிக்கு மேல் போகக் கூடாது, விளம்பரத்தில் சொல்லக் கூடாது. அனுப்பியவர் அதே அதிகாரி. இத்தனை கடைகளும் படிக்க வேண்டிய விதியில் ஒரு வரி என்னால் வந்தது. கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

“இனி எல்லாரும் வைக்கணும்னு ஆயிடும்,” என்றார் அவர். “செலவு வச்சுட்டாளேன்னு உன்னத்தான் திட்டுவாங்க.”

ஒரு நிமிடம் உண்மையிலேயே கவலைப்பட்டேன். பிறகு, “திட்டட்டும்,” என்றேன்.