ஓடுகிற காரைப் பிரித்துப் போட்டவர்

கைப்பேசி அடித்தபோது நான் பொன்னேரியில் பள்ளி விடைத்தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் என் அக்கா கஸ்தூரி.

"மாமா நம்மள வுட்டுட்டுப் பூட்டாருடி. காருக்கு அடியில படுத்துனு இருந்தாரு. டீ ஆறிப் போவுதுனு கூப்பிட்டேன். எழுந்துக்கவேயில்ல."

முதலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கழற்றிப் போட்ட காரை மாட்டிவைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா இந்த மனிதர்! விடைத்தாள்களை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவு ஏழுமலை அவர்கள் என் அக்காவின் கணவர். ஐஸ் கம்பெனியில் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர். அது பிழைப்பு. ஆசையெல்லாம் பழைய கார்களின்மேல். சும்மா உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததே கிடையாது. சோறு பிசையும்போதும் இடது கை ஒரு நட்டை உருட்டிக்கொண்டிருக்கும். துக்க வீட்டில் உட்காரச் சொன்னாலும் தெருவில் போகிற வண்டியின் சத்தத்துக்குக் காது போய்விடும்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் பெண் பார்க்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. "பொண்ணு ஊட்டுக்கு வந்துபோவ படகுதான, மழைக்காலத்துல எப்டி?" என்று எங்கள் நைனா கேட்டார். இவர் சட்டென்று, "படகு இன்னாத்துக்கு மாமா? உங்க பொண்ண கார்ல இட்டாந்து இதே வாசல்ல நிறுத்துறேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா தலையாட்டினாள். சொன்னவரிடம் அப்போது காரே இல்லை!

கல்யாணமான பிறகு, காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு அம்பாசடரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு கோடைக்குள் ஓடவும் வைத்துவிட்டார். அக்கா ஊருக்குப் போகத் துணிமணி எடுத்துவைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் கார் பாகம் பாகமாகச் சாக்கின்மேல் கிடந்தது. "இன்னாய்யா இது, நேத்து ஓடிச்சே!" என்று அலறினாள். "ஓடிச்சி. ஆனா மனசாற ஓடல" என்றார் அவர்.

ஏரியின் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். படகுப் பலகைக்கு மீன் எண்ணெய் பூசுகிறவர்கள் நாங்கள். மாமா என்ன செய்தார் தெரியுமா? அதே எண்ணெயைக் காரின் அடிப்பாகம் முழுக்கப் பூசிவிட்டார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தக் காரைத்தான் ஜோடித்தார்கள். மண்டப வாசலில் நின்றதுதான் தாமதம், ஊர்ப் பூனையெல்லாம் காருக்கு அடியில். மேலே காக்கைக் கூட்டம். கல்யாணப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். அன்று முதல் அதற்குக் கருவாட்டு வண்டி என்று பெயர். மாமா கொஞ்சம்கூட அசரவில்லை. "துரு புடிச்சிதா? அத்த சொல்லுங்க டீச்சரம்மா!" என்று என்னையே மடக்கினார்.

ஒருமுறை நிஜமாகவே புறப்பட்டார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். திருப்பாலைவனம் வரை போனார்கள். அங்கே மாமாவுக்கு ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது. அக்காவுக்குக் கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, புளியமரத்தடியில் கடை பரப்பிவிட்டார். வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு அக்கா இறங்கி, பட்டுப்புடவையோடு பஸ் ஏறி வீடு திரும்பினாள். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசாததை அவர் கவனித்தாரா என்பதுகூட எனக்குச் சந்தேகம்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறை பார்க்க வந்த சென்னைக்காரர் ஒருவர் காரைப் பார்த்து மயங்கி, தன் ஷெட்டில் வேலைக்கு வரும்படி கூப்பிட்டார். நல்ல சம்பளம் என்றார். மாமா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "சம்பளம் வாங்குனா அவரு சொல்றப்ப முடிக்கணும். நான் எதுக்கு முடிக்கணும்?"

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவருக்கு வேலை முடியாமல் இருப்பதில் சந்தோஷம். அக்காவுக்கோ ஒரே ஒருநாள் அது முடிந்தால் போதும். நைனா வாசலைப் பார்த்துப் பார்த்தே போய்ச் சேர்ந்தார். "அவளுக்கு வாக்குக் கொடுத்தீங்களே மாமா, நெஞ்சு உறுத்தலயா?" என்று கேட்டே விட்டேன். அவர் தலை குனிந்தார். "உறுத்துது டீச்சரம்மா. அரகொறயா இட்டுனு போனா இன்னும் உறுத்தும்" என்றார். அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. பெரிய மனசு, பொல்லாத கை.

அக்கா போன் செய்த அன்று நான் வந்து சேர்ந்தபோது கார் முற்றத்தில் நின்றது. எஞ்சின் வெளியே, சீட்டுகள் சுவரோரம். பாடை தயாராக இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"இட்டுனு போறேன், இட்டுனு போறேன்னு சொல்லியே காலத்த ஓட்டிட்டாரு. இப்ப நான் இட்டுனு போறேன். உள்ள ஏத்துங்க."

யாரும் அசையவில்லை. ஊர்ப் பெரியவர் மெதுவாக, "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதில்லம்மா. தெருமுனையோட நின்னுடணும்" என்றார். அக்கா அதற்குள் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தினி வருசமா அவரு பின்னால தள்ளுவாரு, நான் இத்த புடிச்சிக்கினு கெடப்பேன். என்னத் தவிர எவனுக்குத் திரும்பும் இது? கயிற போடுங்கடா!"

படகோட்டி முனுசாமி படகைக் கரையேற்றும் வடத்தை எடுத்து வந்து பம்பரில் கட்டினார். மாமாவை அவள் பக்கத்தில் தலை வைத்து, கால் பின்னால் நீட்டிக் கிடத்தினார்கள். மாலைகளை மேலே போட்டார்கள். படகு இழுக்கிற ஆட்களே இழுத்தார்கள். எஞ்சின் இல்லாத வண்டி, லேசாகப் போயிற்று.

தெருமுனையில் பெண்கள் நின்றார்கள். நானும் பழக்கத்தில் நின்றேன். கார் நிற்கவில்லை. பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

மணல் பாதை வளைகிற இடத்தில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. அக்கா ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, இன்னொரு கையால் மாமா சரிந்துவிடாதபடி தோளைப் பிடித்துக்கொண்டாள். "தோ வந்துட்டோம்யா, தோ வந்துட்டோம்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

என் கோபம் இன்னும் தீரவில்லை, மாமா. ஆனாலும் உங்களை அவள்தான் கொண்டுபோய் விட்டாள். போய் வாருங்கள்.