வெளிச்சத்துக்கு முதுகு காட்டியவர்

எண்ணூர் போகும் மாலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கல்யாண வீடியோ எடுப்பவர். பருத்த உடம்பு, நரைத்த மீசை. மடியிலிருந்த கேமராவின் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே வந்தார்.

கடலோரச் சாலையில் பேருந்து நின்றுவிட்டது. கடலுக்கு மேலே ஒரு வெள்ளை வெளிச்சம், சத்தமில்லாமல், அசையாமல் நின்றது. விமானம் போலவும் இல்லை, ட்ரோன் போலவும் இல்லை. எல்லோரும் இறங்கிச் செல்போனை உயர்த்தினோம். சற்று நேரத்தில் அது நேர்மேலே ஏறி மறைந்தது.

திரும்பினேன். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பேருந்து கிளம்பியதும் எங்கள் போன்களைப் பார்த்தோம். வெறும் புள்ளிதான் இருந்தது. அவர் தன் கேமராவைக் காட்டினார். டோல்கேட் நிறுத்தத்திலிருந்து இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் அதில் கைகோத்து நின்றார்கள். நடத்துநர் அழுதுகொண்டிருந்தார். வாய் பிளந்து நின்றவன் நான்தான் என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"நீங்க அதப் பாக்கவே இல்லியா?" என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சில பாத்துகினு இருந்தேனே நைனா. அதுக்கு மேல இன்னா கீது?"

அவ்வளவு பெரிய ஒன்று பின்னால் நிற்கும்போது, ஒருமுறைகூடத் திரும்பாமலிருக்க ஒரு மனிதரால் எப்படி முடிந்தது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.